பிள்ளைகள்: இல்லை

அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவள் நான். என்னுடைய எழுத்து நல்ல எழுத்து. இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் பழகியது. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடக்கி, கோடு தாண்டாமல் எழுதிக்கொண்டு வந்தேன். 'பிள்ளைகள், இருப்பின் விபரம்' என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். அது என் அப்பாவின் படிவம். எழுதும்போது கை நடுங்கியது என்று இங்கே சொன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வரும். நடுங்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனேன்.

நான் பரந்தனுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காலத்தில் நாலைந்து பதில்கள் வைத்திருந்தேன். இப்போது கேட்பாரில்லை, பதில்களும் மறந்து போய்விட்டன. ஒரே அண்ணா கனடாவில். அம்மா காலமாகி ஒன்பது வருடம். ஆகவே வீட்டில் அப்பாவும் நானும்தான். இரண்டு பேரும் கோபக்காரர், இரண்டு பேரும் பிடிவாதக்காரர். காலையில் பேப்பருக்குச் சண்டை, மத்தியானம் கறியில் உப்புக்குச் சண்டை. அதையெல்லாம் நாங்கள் சண்டை என்று நினைத்ததில்லை. அதுதான் எங்கள் வீட்டுக் கதை பேச்சு.

அப்பா பளையில் பிறந்தவர். இளந்தாரி வயதில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்குள் வந்து, மிளகாயும் வெங்காயமும் போட்டு, பிறகு நெல்லுக்கு மாறியவர். தோட்டக்காரர் என்றாலும் படித்த தோட்டக்காரர். பேப்பரில் எழுத்துப் பிழை கண்டால் பேனையை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் அடுத்த செய்திக்குப் போவார். அந்தப் பேப்பரை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் திருத்துவார்.

எண்பத்து மூன்று வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை வைத்திருந்துவிட்டு அனுப்பும்போது, "இனி ஒரு ஆள் எந்த நேரமும் பக்கத்தில இருக்க வேணும்" என்று டொக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த ஒரு ஆள் யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பிரச்சினை தொடங்கியது. அவரால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியும். ஆனால் தானாகக் குந்தி இருக்க முடியாது, இருந்தால் எழும்ப முடியாது. மலசலகூடத்துக்குப் போவதென்றால் ஒருவர் தூக்கி இருத்தி, கழுவி, தூக்கி எழுப்ப வேண்டும். குளிக்கவும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் மகள் தகப்பனுக்குச் சமைத்துப் போடலாம், வாயில் தீத்திவிடலாம், காலில் எண்ணெய் பூசலாம். இடுப்புக்குக் கீழே அவள் கண் போகக்கூடாது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் நான் ஒரு எழுத்துப் பிழையாவது கண்டுபிடித்திருப்பேன்.

அப்பா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். குடித்தால் போக வேண்டி வரும் அல்லவா? நான் வைத்துவிட்டுப் போகும் போத்தலை யன்னலால் வெளியே ஊற்றிவிட்டு, வெறும் போத்தலை மேசையில் நிறுத்தி வைத்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அட முழுவதும் குடித்துவிட்டாரே என்று சந்தோசப்படுவேன். மூன்றாம் கிழமை காய்ச்சல் வந்து, சலத்தில் கிருமி என்று மறுபடியும் ஆஸ்பத்திரி. "வயசுபோன மனுசனுக்குத் தண்ணி குடுக்கிறேல்லையோ ரீச்சர்?" என்று தாதி எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"நான் என்ன வேற ஆளோ அப்பா? என்னட்டை என்ன வெக்கம்?"

"நீ வேற ஆளெண்டால் எனக்கு ஒரு வெக்கமும் இல்லை" என்றார்.

அடுத்த மாதம் நடந்ததை நான் அண்ணாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை, வினாத்தாள் கட்டு என்னிடம். காலை ஏழு மணிக்குப் புறப்பட நிற்கிறேன், அப்பா கட்டிலிலேயே மலம் போய்விட்டார். "நீ போ, நான் பாப்பன்" என்றார். எதைப் பார்ப்பார்? எழும்பவே முடியாத மனிதர். எனக்கு வந்த கோபத்தில் அவரை இழுத்து இருத்தி, பிளாஸ்டிக் கதிரையில் போட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாரத்தை உரியப் போனேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சாரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் என்று எழுதுகிறேன். அடித்தேன் என்றுதான் எழுத வேண்டும். பிறகு சாரத்தை உரிந்து எறிந்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். அவர் முகத்தை மதில் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் துடைத்து, உடுத்தி, படுக்க வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை, சோறும் வேண்டாம் என்றுவிட்டார். இதை நினைக்கிற போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

அதற்குப் பிறகுதான் வழி தேடத் தொடங்கினேன். அண்ணா வாட்ஸ்அப்பில் வந்து, "முதியோர் இல்லம் எண்ட கதையே எடுக்காத. சனம் என்ன சொல்லும்? ஆம்பிளை ஆள் ஒண்டைப் பிடிச்சு வீட்டை வை" என்றார். அவருடைய மாமனார் அங்கே இல்லத்தில்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார். அது கனடா, அங்கே அது வசதியாம். இங்கே அது அவமானமாம். நான் வாதாடவில்லை. ஆள் பிடிக்கப் போனேன்.

ஆள் கிடைத்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், சாதுவான மனிதர். அப்பாவை நல்லாய்த்தான் தூக்கி இறக்கினார். அப்பாவும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். சரியாக மூன்று கிழமை. பிறகு வெளிநாட்டுக்குச் சரிவந்துவிட்டது என்று சொல்லி, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கம் தூக்கி இறக்கத் தென்புள்ள ஆம்பிளை எல்லாம் ஒன்று விமானத்தில், இல்லாவிட்டால் விமானத்துக்குக் காத்துக்கொண்டு. இரண்டாவதாக வந்தவர் பகல் முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்பாவே அவரைப் போகச் சொல்லிவிட்டார். பெண்கள் எத்தனையோ பேர் வரத் தயாராக இருந்தார்கள். அப்பா தலையையே திருப்பவில்லை.

பிரதேச செயலகத்தில் விசாரித்து, கிட்டடியில் ஒரு பகல் நேர நிலையத்தைப் பார்த்தேன். கிழமையில் இரண்டு நாள், பாட்டு, உடற்பயிற்சி, மத்தியானச் சாப்பாடு. நல்ல இடம்தான், ஆனால் தாங்களாக வந்து தாங்களாகப் போகிறவர்களுக்கு. பிறகு யாழ்ப்பாணம் போகிற வழியில் ஒரு புது இல்லம், வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரை விடுவதற்கென்றே கட்டியது. பளபள என்ற தரை, அறைக்கு அறை தொலைக்காட்சி. சுற்றிக் காட்டிய பிள்ளை கடைசியில், "ஐயா தானா ரொய்லெட்டுக்குப் போவார்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பிடியெண்டா ஏலாது மிஸ், எங்களிட்டை அதுக்கு ஆக்கள் இல்லை" என்றாள். தானாகப் போகிறவரை நான் ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் பஸ் ஏறினேன்.

கடைசியாகக் கண்டதுதான் கிளிநொச்சிப் பக்கம் இருந்த அந்தத் தர்ம இல்லம். பெயர்ப் பலகை மங்கிய பழைய கட்டடம். ஆனால் மலசலகூடத்துக்குப் படி இல்லாமல் சாய்தளம் போட்டு, இரண்டு பக்கமும் பிடிகம்பி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுத்தர வயதில் இரண்டு ஆண் பராமரிப்பாளர்கள். நான் நின்ற நேரம் அவர்களில் ஒருவர் ஒரு வயதானவரைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயதானவர் சோப்பு நுரையோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் அப்பாவின் முகம் மதில் பக்கம் திரும்பியது ஞாபகம் வந்து, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பொறுப்பாக இருந்தவ என் வயது ஒத்த அம்மா. முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவ. கண்டிப்பான ஆள். "ரீச்சர், இது பார்க்க ஒருத்தரும் இல்லாத ஆக்களுக்கான இடம்" என்றா. "பிள்ளையள் இருக்கிறவையை எடுக்கிறேல்லை. காசு தந்தாலும் எடுக்கிறேல்லை. கிராம சேவகற்றை கடிதத்தோட வந்தாப் பாப்பம்." பிறகு கேட்டா: "உங்களுக்கு ஐயா என்ன முறை?"

"எங்கட ஒழுங்கையில இருக்கிறவர்" என்றேன்.

அது பொய் இல்லை. எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார், என் வீட்டுக்குள்.

இந்த இடத்தில் வன்னிச் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. போர் முடிந்து மீள்குடியேறி வந்த நாள் தொடங்கி படிவம்தான் எங்கள் வாழ்க்கை. தறப்பாளுக்கு ஒரு படிவம், கூரைத் தகரத்துக்கு ஒன்று, கிணறு இறைக்க ஒன்று, கோழிக்குஞ்சுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகுதி கேட்பார்கள். எந்தத் தகுதியைக் கேட்டார்களோ அதற்குள் ஆளைப் பொருத்தி எழுதப் பழகினோம். ஒரே உலையில் சோறு வடித்த குடும்பங்கள் கடதாசியில் இரண்டாக மூன்றாகப் பிரிந்தன. ஒழுங்கை முழுவதற்கும் எழுதிக் கொடுத்தது நான்தான். அம்மா போன பிறகு எங்கள் வீட்டையும் பிரித்தேன். அப்பாவுக்குத் தனிக் குடும்ப அட்டை. 'தனித்து வாழும் முதியவர்'. அந்த அட்டைக்கு வந்த மாவையும் பருப்பையும் ஒரே குசினியில் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டோம். அதில் எனக்கு அன்றும் குற்ற உணர்வு இல்லை, இன்றும் இல்லை. கடதாசியில் இருப்பது வேறு, வீட்டில் இருப்பது வேறு என்பது எங்களுக்குள் அவ்வளவு தெளிவு.

ஆகவே கடிதம் எடுப்பது ஒரு வேலையாகவே இருக்கவில்லை. கிராம சேவகர் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்களைத் தெரியாது. அட்டையைப் பார்த்தார். "தனிக் குடும்பம்தானே" என்றார். "ஓம்" என்றேன். உதவிக்கு யாரும் இல்லாதவர் என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார். அத்தோடு, "உங்களைப் போல ஆக்கள் அயலில இருக்கிறது பெரிய விசயம் ரீச்சர்" என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

மிச்சம் இருந்தது அப்பாவின் கையெழுத்து. பின்னேரத் தேத்தண்ணியோடு படிவத்தைக் கொண்டுபோய், "அப்பா, இதில ஒரு கையெழுத்து" என்றேன். எத்தனையோ படிவத்தில் அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கேட்டார். போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரைக்கும் விரலை வைத்து வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றதா, நிற்கவில்லையா என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது சுவரில் தொங்கிய கலண்டரை. "பேனையைத் தா" என்றார். அடையாள அட்டை இலக்கத்தில் நான் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தேன். அதை வெட்டி, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்தும் வைத்தார். வேறு ஒன்றையும் திருத்தவில்லை. அடியில் முழுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அங்க ஆம்பிளையளோ குளிக்க வாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அப்பா."

"அப்ப சரி."

கொண்டுபோய் விட்ட அன்று, பொறுப்பாளர் அம்மாவுக்கு முன்னால் நான் அவரை "ஐயா" என்று கூப்பிட வேண்டியிருந்தது. வாய் தடுமாறியது. அவர் தடுமாறவில்லை. "சொல்லுங்கோ ரீச்சர்" என்றார், ஏதோ பிறந்ததிலிருந்து என்னை அப்படியே அழைத்து வந்தவர் மாதிரி. ஒரு பையில் நாலு சாரம், கண்ணாடி, பேனை. அவ்வளவுதான் கொண்டுபோனார். அண்ணாவுக்கு, அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் ஒன்றில் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவரும் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கும் வசதியாக இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டு நேரே போவேன். அப்பா தேறினார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாத பகுதி. கன்னம் சதை வைத்தது. போத்தலில் தண்ணீர் வைத்தால் என் கண்ணுக்கு முன்னாலேயே மடமடவென்று குடித்தார். சுத்தமாகச் சவரம் செய்து, பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தார். இல்லத்துக்கு வரும் பேப்பரில் பிழை திருத்தி, அதை மற்றவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். என்னிடம் இருந்த ஐந்து மாதத்தில் வற்றிப்போன மனிதர், நான் மகள் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு செழித்தார். ஒரு மகளுக்கு இதை விடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன வேண்டும்?

அவருக்குப் பக்கத்துக் கட்டில் முல்லைத்தீவில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவருக்கு. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, மனைவியும் போன பிறகு, சாகிறதை ஊர்ப் பக்கம் சாவோம் என்று தனியே திரும்பி வந்தவர். இரண்டு பேரும் நெல்லு விலையில் இருந்து தேர்தல் வரைக்கும் கதைத்துத் தள்ளுவார்கள். ஒருநாள் அப்பாவைக் குளிக்கக் கொண்டுபோயிருந்த நேரம், அந்தப் பெரியவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ரீச்சர், அவர் தங்கமான மனுசன். பிள்ளையில்லாத கவலையை வெளியில காட்டுறேல்லை. நான் கேட்டனான், உங்களுக்கு ஒண்டுமே பிறக்கேல்லையோ எண்டு. இல்லை எண்டிட்டுப் பேசாம இருந்தார். நான் அஞ்சு நேரத் தொழுகையிலயும் அவருக்கு துஆ கேக்கிறன். மறுமையிலயாவது அவருக்கு ஒரு பிள்ளையின்ர கையைப் பிடிக்கக் குடுத்து வைக்கட்டும்."

ஆமீன் என்று சொல்ல வேண்டுமோ, அல்லாஹ்விடம் போய் என் படிவத்தைக் காட்ட வேண்டுமோ? "நல்லது ஐயா" என்றேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு, ஏ9 வீதியில் போகிற வருகிற லொறி எல்லாம் பார்க்க அழுதேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளி நான் போகும்போது முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கடைசி அறையில் இருந்த ஒரு ஐயா காலையில் காலமாகியிருந்தார். குளிக்க வார்த்த அதே பராமரிப்பாளர்தான் தோளில் வேட்டியைப் போட்டுக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினார். அவருக்கும் இறந்தவருக்கும் ஒரு உறவும் இல்லை. நல்ல மரியாதையாகத்தான் எல்லாம் நடந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா சில்லுக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரீச்சராக, தெரிந்த ஒருவராக, படலையடியில் நின்றேன். நாளைக்கு அப்பாவுக்கும் இதே முற்றம், இதே வெள்ளைத் துணி, நானும் இதே படலையடியில் இதே மாதிரி நிற்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. செத்தவீட்டில் வாய்விட்டு அழக்கூட எனக்கு உரிமை இராது. அழுதால், ரீச்சருக்கு என்ன இவ்வளவு இளகின மனம் என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் உறைத்தது. வாசலில், இடம் கேட்டு வந்திருந்த ஒரு வயோதிபர் வாங்கில் குந்தியிருந்தார். அவருக்கு உண்மையாகவே யாரும் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இடம் இல்லையென்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்களாம். அன்று காலியான கட்டிலும் அவருக்கு முன் பதிந்த வேறொருவருக்காம். அவருடைய கட்டிலில் என் அப்பா படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியில்லை. வெள்ளி வரும் வரை பொறுக்காமல் புதன்கிழமையே லீவு போட்டுவிட்டுப் போனேன். கந்தோர் அறையில் பொறுப்பாளர் அம்மாவுக்கு முன்னால் இருந்து, ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என் சொந்த அப்பா. நான் பொய்க் கடிதம் எடுத்தேன். கிராம சேவகர் மேல் பிழை இல்லை. நான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எது வந்தாலும் வரட்டும்.

அவ பேனையை மூடி வைத்தா. கோபிப்பா என்று நினைத்தேன். அவவின் முகத்தில் கோபத்தை விடக் குழப்பம்தான் இருந்தது. "அப்பிடியெண்டா அவரை இஞ்ச வைச்சிருக்க ஏலாது ரீச்சர். இண்டைக்கே கொண்டு போக வேணும். ஆனா அவரிட்டையும் ஒரு வார்த்தை கேக்க வேணும்" என்றா. பராமரிப்பாளர் போய் அப்பாவைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதுதான் குளித்திருந்தார், தலை ஈரம் காயவில்லை.

"ஐயா, இந்த ரீச்சர் உங்கட சொந்த மகளாம். உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறா. உண்மையோ?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், நல்லாய் வாய்விட்டு.

"எனக்குப் பிள்ளையள் இல்லை எண்டு அண்டைக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தனான். நான் வாசிக்காமல் கையெழுத்துப் போடுறவன் இல்லை" என்றார். "ரீச்சரை நீங்கள் பேசாதேங்கோ அம்மா. பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை. என்னில ஒரு பாசம் வைச்சிட்டுது."

"அப்பா!" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பராமரிப்பாளர் திடுக்கிட்டுப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. பொறுப்பாளர் அம்மா எழும்பி வந்து என் தோளில் கை வைத்தா.

"ரீச்சர், போன கிழமை செத்தவீட்டைப் பாத்திட்டு உங்களுக்கு மனம் குழம்பிப் போச்சு. எனக்கும் இஞ்ச வந்த புதுசில இப்பிடித்தான் இருந்தது. பாசம் வைக்கிறது நல்லது. அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது."

வாழ்நாளில் நான் நிரப்பிய படிவங்களில் எத்தனை பொய் இருந்தது என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒன்றைக்கூட யாரும் பொய் என்று சொன்னதில்லை. உண்மை சொன்ன ஒரே நாளில் பொய் சொல்லாதே என்று புத்தி கேட்டேன்.

அப்பாவை நானே தள்ளிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். கோபத்தில் கதிரையைத் தூணில் இடித்துவிட்டேன். "ஏன் அப்பா? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றேன்.

"சத்தம் போடாத" என்றார். "கூட்டிக்கொண்டு போய்? நாளைக்குக் காலமை ஆர் எனக்குச் சாரம் மாத்துறது?"

நான் கதிரையின் சில்லைத் தூணிலிருந்து விலக்கினேன்.

"உன்ர வேலையும் போயிடும், விடு. அது ரெண்டாவது." சாரத்தை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, "இஞ்ச என்னைத் தொடுறவன் எனக்கு ஆரும் இல்லை. எனக்கு அது சுகமா இருக்கு. நீ வெள்ளிக்கிழமை வாறதும் சுகமா இருக்கு. ரெண்டையும் கெடுத்துப்போடாத பிள்ளை" என்றார்.

'பிள்ளை' என்றார். அந்த இல்லத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம்.

அப்பா எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று அண்ணாவிடம் சொல்லலாம், என்னிடமும் சொல்லிக்கொள்ளலாம். ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் நான் மறுபடியும் கந்தோர் அறைக்குப் போயிருக்க முடியும். என் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் நகையை விட்டோம், நெல்லை விட்டோம், அதை மட்டும் பொலித்தீன் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தகப்பனின் பெயர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர் இருக்கிறது. ஸ்கூட்டியில் போனால் போக வர ஒரு மணித்தியாலம். கொண்டுவந்து மேசையில் வைத்தால் அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. அந்த வாங்கில் இருந்த மனிதருக்கும் கட்டில் கிடைத்திருக்கும்.

நான் போகவில்லை. அப்பா சிரித்துக்கொண்டு 'இல்லை' என்று சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. நாளைக் காலை ஏழு மணிக்கு நான் யாரையும் கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை அப்பா என் முகத்தில் பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான், "பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை" என்றார்.